கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

காலை வெயில் வார்டின் கடைசிக் கட்டில்வரை வந்து போர்வைமேல் கிடக்கிறது. பக்கவாதத்தால் ஐந்து வாரமாக அங்கே படுத்திருக்கும் அம்மாளை வீட்டுக்கு அனுப்புவதா, மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்புவதா என்று நர்ஸ் இன்று எழுதியாக வேண்டும். கணவர் ஒற்றை ஆளாக அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்டினால் வீடு. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நேற்று இரண்டு முறை முயன்று தோற்றவர், இன்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நிற்கிறார். தன்னையறியாமல் ஓடிப்போய்ப் பிடித்துவிடக் கூடாதென்று நர்ஸ் கைகளைக் கட்டிக்கொள்கிறாள். "முதல்ல நாற்காலிக்கு பிரேக் போடுங்க ஐயா." "நல்லா சொல்லும்மா, நேத்து அதைத்தான் மறந்தாரு, முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன்," என்கிறாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் மனைவி, கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக. அவர் பிரேக்கை அழுத்துகிறார். குனிந்து, வலுவிழந்த அவள் காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, அவள் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து, அவள் காதோரம் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். மூன்றில் அவள் எழுந்துவிடுகிறாள். இனி அவர் நாற்காலிப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் அப்படியே நிற்கிறார். அவளுடைய நல்ல கை மெல்ல ஊர்ந்து அவர் முதுகைச் சுற்றிக்கொள்கிறது. முகம் அவர் தோளில் சாய்கிறது. நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் அடிமேல் அடி வைத்துத் திரும்பி, அலுங்காமல் அவளை நாற்காலியில் உட்காரவைக்கிறார். நர்ஸ் படிவத்தில் 'வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். "அவருக்கு இன்னும் சரியா வரலம்மா," என்கிறாள் மனைவி. "இன்னொரு தடவை செய்யச் சொல்லேன்."