முந்தித் தின்றவள்

தாராவியில் தோல் பட்டறை வேலை முடிந்து வந்த இசக்கிப்பாண்டிக்கு வாசலிலேயே காளான் குழம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. சட்டியைத் திறந்தான். கால்வாசி காலி.

"ஏட்டி பேராச்சி, புருசன் வாரதுக்குள்ள முந்தித் தின்னுட்டியோ?"

அவள் ரேஷன் அரிசிச் சோற்றைத் தட்டில் போட்டாள்.

"அப்படி என்னட்டி அவசரம்? காளான் ஏது?"

"மழைக்கு வீட்டுக்குப் பின்னால முளைச்சிருந்துச்சு."

"நம்ம ஊர்க் காளானா?"

"அப்படித்தான் இருந்துச்சு. அடியில மட்டும் லேசா செவப்பு."

அவன் கை நின்றது. "பிள்ளை எங்க?"

"காலையில தின்னுபாக்கதுக்கு முந்தியே அடுத்த வீட்டு சைனப் அக்காகிட்ட விட்டுட்டேன். எனக்கு ஏதாவது ஆனா, பச்சப்பிள்ள எம் பக்கத்துல தனியாக் கெடந்து அழுவும்லா? பொழுது சாஞ்சிட்டு, ஒண்ணும் செய்யல. நீங்க தின்னுங்க, பிள்ளையக் கூட்டியாரேன்."