குறைகளையும் சொல்லலாம்

"டையை இறுக்கு. சிரிச்ச முகமா இரு. இவ்வளவு வேணாம், கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று மாடிப்படியில் ஓடிக்கொண்டே உத்தரவு போட்டார் கல்லூரி டைரக்டர். நாளை வரவேண்டிய அங்கீகாரக் குழு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் சம்பந்தி மாதிரி இன்றே வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் பின்னால் ஓடியது ஐந்து எம்.பி.ஏ. மாணவர்கள். கடைசியாக வந்தவளுக்கு வகுப்பில் வக்கீலம்மா என்று பேர். எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பாள்.

"யாரு சார் வந்திருக்கிறது?" என்று இப்போதும் கேட்டாள்.

"எல்லாம் மேலிடம். படிப்போட பலம் என்னன்னு கேட்பாங்க, வாய் நிறையச் சொல்லுங்க. பலவீனம் என்னன்னு கேட்டா, அதே பலத்தைக் கொஞ்சம் சோகமாச் சொல்லுங்க." இரண்டு வருஷத்தில் அவர் நடத்திய ஒரே உருப்படியான பாடம் அதுதான்.

வக்கீலம்மா தலையாட்டினாள். மனசுக்குள் வேறு திட்டம். குழு சரியென்றால் கல்லூரிக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆயுள். அவள் தங்கையும் இதே குழியில் வந்து விழுவாள். அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். மகள் சொல்லி அவர் எதைக் கேட்டார், இதைக் கேட்க?

அறைக்குள் மூன்று பேர். நடுவில் கோட்டும் நரைத்த மீசையுமாகத் தலைவர். புழுங்குகிறதென்று அவரே எழுந்து போய், சுவரில் வரிசையாக இருந்த பத்துப் பன்னிரண்டு சுவிட்சுகளில் ஒன்றைத் தட்டினார். மின்விசிறி சுற்றியது. அடுத்து டைரக்டரை வெளியே அனுப்பினார். "பசங்க மனசு விட்டுப் பேசட்டும்."

வகுப்புத் தலைவன் முந்திக்கொண்டான். "இந்தப் படிப்போட பெரிய பலவீனம், ரெண்டே வருஷத்துல முடிஞ்சு போறதுதான் சார்" என்று கண் கலங்கினான். இன்னொருவன், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடுவதை ஏற்க மனசு வரவில்லை என்றான். மற்ற இருவரும் ஆமாம் சாமி போட்டார்கள்.

"நீ ஏம்மா பேசாம இருக்க? குறை இருந்தாலும் சொல்லு. இந்த ரூமை விட்டு வெளியே போகாது."

வக்கீலம்மா எழுந்தாள்.

"பலத்தை முதல்ல சொல்லிடறேன் சார். கட்டடம் பலமா இருக்கு. மார்க்கெட்டிங் எடுக்கிறது பஸ் இன்சார்ஜ். பஸ் பிரேக்டவுன் ஆனா வகுப்பும் பிரேக்டவுன். எங்க புத்தகத்துல 'வளர்ந்து வரும் நிறுவனம்'னு ஒரு கம்பெனியைப் பத்திப் படிக்கிறோம். அது நான் பொறக்கறதுக்கு முன்னாடியே திவால் ஆயிடுச்சு."

"உட்காருடி" என்று பல்லைக் கடித்தான் வகுப்புத் தலைவன்.

"வாசல்ல நூறு சதவீத வேலைவாய்ப்புன்னு போர்டு பார்த்தேனே?" என்றார் தலைவர்.

"அது நிஜம்தான் சார். படிச்சு முடிச்சவங்களைக் காலேஜே வேலைக்கு எடுத்துக்குது. வீடு வீடாப் போய் அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை. எங்க வீட்டுக்கு வந்து அப்பாவை மயக்கி, என் தங்கச்சிக்கு சீட் போட்டுட்டுப் போனதே எங்க சீனியர் அண்ணன்தான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பசங்கன்னா இப்படித் துணிச்சலா இருக்கணும்" என்றார் தலைவர். "உன் ரோல் நம்பர் என்னம்மா?"

சொன்னாள். கவனமாகக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மற்ற நால்வரும், அம்மை கண்டவளைப் பார்த்ததுபோல அவளை விட்டு விலகி நடந்தார்கள். "பாஸ் பண்ற ஆசை இல்லையா உனக்கு?" என்று போகிற போக்கில் கேட்டான் ஒருவன். அவள் அதைக் காதில் வாங்காமல் தங்கைக்கு போன் போட்டாள்.

"உன் தலை தப்பிச்சுதுடி. இந்தக் காலேஜ் கதை முடிஞ்சுது."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி டைரக்டர் உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. மனுஷன் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் காது குளிரக் கேட்டுவிட்டே போகலாமென்று வக்கீலம்மா அங்கேயே நின்றாள்.

உள்ளே தலைவரின் குரல் கேட்டது.

"நாளைக்கு நிஜக் குழு வரும்போது இந்தப் பொண்ணுக்கு மட்டும் லீவு குடுத்துடு மாப்ள."