பத்துக்கு இரண்டு

"வலி பத்துக்கு ரெண்டுதான்" என்று நோயாளி கசொண்டே சொன்னதை டாக்டர் நியிரெண்டா நம்பவில்லை.

ஒரு கம்பெனியின் இடுப்புப் பட்டைச் சோதனையைச் சரிபார்க்க அவர் தலைநகர் லுசாக்காவிலிருந்து காலையில்தான் கிட்வேக்கு வந்து இறங்கியிருந்தார். மெல்லிய மின்சாரம் பாய்ச்சி முதுகுவலியைப் போக்குமாம் அந்த இடுப்புப் பட்டை. சோதனையில் கட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் வலி குறைந்திருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

வாராவாரம் நோயாளிகளிடம் வலியைக் கேட்டு எழுதிய நர்ஸ் லொம்பே சுவரோரம் நின்றாள்.

"வாயால சொல்ற நம்பரெல்லாம் ஆதாரமாம்மா?" என்றார் டாக்டர் அவளிடம்.

கசொண்டேக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயுசில் பாதியைச் செம்புச் சுரங்கத்தில் கழித்த மனிதர். நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தார். குனிந்து, டாக்டர் தவறவிட்ட பேனாவை எடுத்துக் கொடுத்தார். குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தார்.

"ஆடியும் காட்டணும்னா சொல்லுங்க. மேளம் மட்டும் உங்க பொறுப்பு."

டாக்டர் சிரித்துவிட்டார். லொம்பேக்கு மூச்சு வந்தது. அவளுக்கும் உள்ளூர அந்தப் பட்டைமேல் சந்தேகம் இருந்தது. இப்போது அதற்காகக் கூச்சப்பட்டாள்.

கசொண்டே நிமிர்ந்த நடையோடு வெளியே போனார். தொப்பியை மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

வாசலில் அவர் இல்லை.

அதே அறையின் ஜன்னலுக்குக் கீழேயே, துணி காயப்போடும் இடத்தில், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சட்டைக் கையைப் பல்லால் கடித்திருந்தார். அதையும் மீறி முனகல் வந்தது.

"ஐயா!"

"கத்தாதே மகளே, அந்தாளு காதுல விழுந்துரப் போகுது." மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "போதுமா? இனி உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

முதல் வாரம், டீ ஊற்றிக் கொடுத்தபடி, அவள்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள். "இந்தப் பட்டைக்கு வலி கேக்கலேன்னா கம்பெனிக்காரங்க கிளம்பிருவாங்க. நானும் பிள்ளைங்களும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்." சும்மா விளையாட்டுக்கு.

அவரைக் கைத்தாங்கலாகத் தரையில் உட்கார வைத்தாள். தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது.

"நர்ஸ், நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார் டாக்டர். "எங்கம்மாவுக்கும் இடுப்பு வலி. ஒரு பட்டை எடுத்து வைங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கசொண்டேயும் தலையை ஆட்டிக் கெஞ்சினார்.

"வேண்டாம் டாக்டர். கீழே பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். லொம்பே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த டீ, அந்த விளையாட்டுப் பேச்சு வரைக்கும்.

டாக்டர் அவளைத் தேற்றுவதுபோல, "சரி, விடுங்க. இவர் ஒருத்தரை மட்டும் சோதனைக் கணக்குலேருந்து எடுத்துட்டா ஆச்சு" என்றார்.

லொம்பே தலையை ஆட்டி மறுத்தாள்.

அன்று அவள் டீ ஊற்றியது பட்டை கட்டிக்கொள்ள வந்து கூடம் நிறைய இருந்தவர்களுக்கு. அவள் பேச்சைக் கேட்டு அத்தனை பேரும் சிரித்தார்கள்.