சிலர் என்ற சொல்

சுரங்கத்தின் இரும்பு வாசலில் காலை வெயில் மங்கலாக விழுகிறது. உள்ளே பாறை சரிந்து தொழிலாளர்கள் சிக்கியிருக்கிறார்கள். அதிகாரி முக்காலியின் மீது ஏறி, "சிலர் உயிரோடு இருக்கிறார்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு இறங்குகிறார். கூட்டம் ஓவென்று அழுகிறது. சிக்கியவர்களுள் ஒருவனின் தாய் தலையில் கை வைத்துத் தரையில் அமர்கிறாள். அவனுடைய மனைவி, கல்லூரியில் தருக்கம் கற்பிப்பவள், அருகே மண்டியிடுகிறாள். "அத்தை, அழாதீங்க. சிலர் இருக்காங்கன்னுதான் சொன்னார். சிலர் இல்லைன்னு சொல்லலை. அது வேற வகை வாக்கியம். ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணும் உண்மைன்னு ஆயிடாது." "வீட்டுலதான் வகை பிரிச்சு உயிரை வாங்குவே, இங்கயுமாடி?" என்கிறாள் அத்தை. ஆயினும் அழுகை நின்றுவிடுகிறது. மகனுக்கென எடுத்துவந்த உலர்ந்த சட்டை அவள் மடியில் கசங்குகிறது. தராசு முள்ளைப் பார்க்கும் வணிகனைப் போல, கேட்ட சொற்களை அவள் மனத்துக்குள் நிறுத்துப் பார்க்கிறாள். பிறகு மெதுவாக, "எல்லாரும் இருக்காங்கன்னும் அவர் சொல்லலையேடி" என்கிறாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் தயங்காத மருமகள், அத்தையின் மடியில் கசங்கிய சட்டையை எடுத்து நீவி மடிக்கிறாள். அத்தை அவள் கையைப் பற்றிக்கொள்கிறாள். "சரி. இல்லைங்கற வாக்கியத்தை அவர் வாய் திறந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் அழ வேண்டாம்."