ஆள் நீளத்துக்குத் தெளிவு

"போர் தண்ணியில இரும்பு இருக்கு சார், குளோரின் கொட்டினா துரு கிளம்பும்," என்று நீச்சல்குளம் பராமரிப்பவர் படித்துப் படித்துச் சொன்னார். என் கணவர்தான் எல்லாம் தெரிந்தவராயிற்றே, வாளியோடு கவிழ்த்தார். குளம் டீ நிறமானது.

மறுநாள் அதில் ஆள் நீளத்துக்கு ஓரிடம் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வந்தது.

"பாத்தியா, தெளிய ஆரம்பிச்சிடுச்சு!" என்றார் மேதாவி.

"அது நகருதுங்க."

"ஃபில்டர் இழுக்குது. உனக்கென்ன தெரியும்?"

ஃபில்டர் நேற்றே துரு அடைத்து நின்றுவிட்டது.

அவர் விளிம்பில் உட்கார்ந்து ஜம்பமாகக் காலைத் தொங்கவிட்டார். தெளிந்த இடம் நடுக்குளத்தில் நின்றது. பிறகு திரும்பி, நேராக அவரிடம் வந்தது.

"சொன்னேன்ல?" என்று, தள்ளி நின்றிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தெளிந்த தண்ணீரில் நான்கு பாதங்கள் தொங்கின. நான் இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். எனக்கென்ன தெரியும்?