பின்னால் வரும் வண்டி

குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம், அறுபத்தேழு வயதில், ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கொடியசைத்துவிட்டுத் தாமும் ஓடினார். "வயசெல்லாம் மனசுலதான்யா இருக்கு" என்று அதற்குமுன் அவர் மைக்கில் முழங்கி முடிப்பதற்குள் பாதிப்பேர் கொடிக்குக் காத்திராமல் ஓடத் தொடங்கியிருந்தார்கள். போன வாரம் டாக்டர் "ஓடவே கூடாது" என்று சொன்னதை அவர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. கடைசியாக ஓடுகிறவர் பின்னால் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று விதி போட்டவரும் அவரேதான். பாலம் இறங்கியதும் முதுகுக்குப் பின்னே எஞ்சின் உறுமியது. இடது தோளில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ ஊர்ந்தது. "நீ முன்னாடி போப்பா!" என்று திரும்பாமலே அதட்டினார். "உங்களைத் தாண்டக்கூடாதே சார், நீங்க போட்ட ரூல்தானே" என்றார் டிரைவர் பணிவாக. "பின்கதவைத் திறந்தேதான் வெச்சிருக்கோம்." அதன்பின் தலைவர் ஓடிய ஓட்டத்தை வாலிபத்தில்கூட ஓடியிருக்க மாட்டார். எல்லைக்கோட்டில் கைதட்டினார்கள், பதக்கம் மாட்டினார்கள், ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்கள். பழத்தை உரிக்காமல் கையில் இறுக்கிப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் நடந்தார். தெருமுனையில் திரும்பும்போது அதே உறுமல் மறுபடி கேட்டது. "அதான் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன்யா பின்னாடி வர்றே?" என்றார். வண்டி நிற்கவில்லை, அவரைத் தாண்டவுமில்லை. "நீங்க மெதுவாவே நடங்க சார்" என்றது உள்ளிருந்து அந்தப் பணிவான குரல், "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."