சாப்பிட வந்தவர்

"ஆபீசர் வந்திருக்காரு" என்று வாசலில் குரல் கேட்டதுமே இருசப்பன் அடுக்களையிலிருந்து நழுவி, ஒரு மேசை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

முப்பது வருஷப் பழக்கம். வடை மாஸ்டராக அவர் நின்ற ஓட்டல்களில் எல்லாம் இதுதான் சட்டம். ஆபீசர் வந்தால், கணக்கில் காட்டாத பாதி ஆட்கள் பின்வாசல் வழியாக மறைந்துவிட வேண்டும். ஓட முடியாத வயசானவர்கள் சாப்பிட வந்தவர்கள் மாதிரி உட்கார வேண்டும்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பிப் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் மெஸ் அது. முதலாளி வினோதினிக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும்.

போன வாரம் எண்ணெய்ச் சட்டி சரிந்து அவருடைய வலது கை வெந்துபோனது. பதறியடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது அந்தப் பெண்தான்.

அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். வீட்டில் கொட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டார். தலையே போனாலும் முதலாளியைக் காட்டிக்கொடுக்காத ஆள்.

கை ஆறும்வரை வீட்டில் இருங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். இருக்க முடியுமா? ஓட்டல் அடுப்பு யாருக்காகக் காத்திருந்திருக்கிறது? இன்றைக்கு வந்து பார்த்தால், பயந்தபடியே ஆகிவிட்டது. அவர் இடத்தில் யாரோ ஒருவன் வடை தட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வயசில், இந்தக் கையோடு, இனி யார் வேலை கொடுப்பார்கள்?

ஆபீசரிடமிருந்து இந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டால் ஒருவேளை அவள் மனசு இரங்கலாம். கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

ஆபீசர் வினோதினியோடு உள்ளே வந்து, சொல்லிவைத்த மாதிரி பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பரிமாறுகிற மாறன் வாயைத் திறக்க வேண்டுமா?

"இன்னா மாஸ்டர், டேபிள்ல உக்காந்துட்டீங்க?"

பாவி, கெடுத்தான்.

ஆபீசர் திரும்பினார். "இருசப்பன் நீங்கதானா? இங்கதானே வேலை செய்றீங்க?"

"இல்லீங்க சார். நான் சாப்பிட வந்தேன்."

வினோதினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ மாஸ்டர்! சார் ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல இருந்து, தொழிலாளர் இன்சூரன்ஸ் விஷயமா வந்திருக்காரு. கடையிலதான் உங்க கை வெந்துச்சுன்னு நான்தான் தகவல் குடுத்தேன். நீங்க ஆஸ்பத்திரியில, வீட்டுலன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இப்பவும் இல்லன்னு சொன்னா, கை ஆறுற வரைக்கும் உங்களுக்கு வரவேண்டிய பணம் வராமலே போயிடும்."

இருசப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஆதார் கார்டை வாங்கி, போட்டோ எடுத்து, எதிலோ கையெழுத்தும் கேட்டாள். எதற்கு என்று அவள் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. முதலாளி கேட்டால் போடவேண்டியதுதானே என்று போட்டார். அன்றைக்கே அவரை முறையாகப் பதிந்துவிட்டாளாம். யார் வந்தாலும் அவர் ஓடி ஒளிய வேண்டியதே இல்லையாம்.

ஆபீசர் பொறுமையாக மறுபடி கேட்டார். மேசைக்கு அடியிலிருந்து கை மெதுவாக மேலே வந்தது.

"இங்கதான் சார் வேலை. இந்த அடுப்புலதான் சார் வெந்துச்சு."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் எழுந்து, பழக்கதோஷத்தில் அடுக்களைப் பக்கம் நடந்தார்.

வினோதினி வழிமறித்தாள். "எங்க போறீங்க? உள்ள வடை போடுறவரு உங்க கை ஆறுற வரைக்கும்தான் இருப்பாரு. சாப்பிட வந்தேன்னு சொன்னீங்கல்ல, உக்காந்து சாப்பிட்டுட்டு வீட்டுக்குக் கெளம்புங்க."

மாறன் இலை போட்டு, ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து வைத்தான். புது ஆள் சுட்ட வடை சூடாக வந்தது. இருசப்பன் இடது கையால் தடுமாறி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்.

உப்பு கம்மி.

வேறொரு நாளாக இருந்தால் அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். இன்றைக்கு இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.